லஸ்கரின் அரைச் சுற்று

அலமாரி ஆடுகிறது என்று போன் வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பின்னாடி ஷீட் அடிச்சீங்களா?" அலமாரியின் முதுகை மூடும் மெல்லிய பலகை அது. பல வீடுகளில் அடித்திருக்க மாட்டார்கள். காற்றோட்டம் வேண்டும் என்பார்கள். ஒரு வீட்டில் அந்த ஷீட் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடிப்பலகையாகப் போயிருந்தது. அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வரும் அலமாரிகளைப் பூட்டிக் கொடுப்பதும், மற்றவர்கள் தப்பாகப் பூட்டியதைச் சரிசெய்வதும்தான் தஞ்சாவூரில் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஷீட்டைப் பற்றி அல்ல, ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நான் கற்றுக்கொண்டதைப் பற்றி.

அந்த வீட்டு லூர்துமேரி அக்கா போனில் பேசியபோதும் ஷீட் கேள்வியைத்தான் கேட்டேன்.

"அதெல்லாம் அடிச்சாச்சு தம்பி. ஆனாலும் ஆடுது. வியாழக்கெழம பதினோரு மணிக்கு மேல வாங்க. அப்ப அவரு இருக்க மாட்டாரு."

வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். வாசலிலேயே அக்கா காரணத்தைச் சொல்லிவிட்டார்.

அவர் கணவர் அந்தோணிசாமி, பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயிலிருந்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரியும் மதகுகளின் இரும்பு ஷட்டரைக் கைச்சக்கரம் சுற்றி ஏற்றி இறக்குவதுதான் அவருக்கு முப்பது வருட வேலை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன.

"எட்டு மாசம் செவுத்தையே பாத்துட்டு ஒக்காந்திருந்தாரு தம்பி. மகன் பெங்களூர்லேருந்து இந்த அலமாரிய அனுப்புனான். ஆள் வச்சு பூட்டிக்கலாம்னேன். வேணாம்னுட்டு எடது கையாலயே நாலு நாள் பூட்டுனாரு. முடிச்சுட்டு, 'ஏ லூர்து, எப்புடி?'ன்னாரு. என் பேரச் சொல்லி அவரு கூப்புட்டே எட்டு மாசம் ஆயிருந்துச்சு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப கட்டில்லேருந்து எந்திரிக்கிறப்ப இதத்தான் புடிச்சுக்கிறாரு. என்னைக்கு மேல சாயுமோன்னு பயமா இருக்கு. அவரு வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க. தப்பா பூட்டிட்டாருன்னு மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது."

ஆறடி உயர அலமாரி, கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில். பிடித்து அசைத்தேன். இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை போய் வந்தது.

முதலில் தரையைப் பார்த்தேன். நம் பக்கம் வீடு கழுவி விடுவதற்காகத் தரையை வாட்டமாகப் போட்டிருப்பார்கள். அலமாரி ஆடுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் மனிதர் முன் கால்களுக்கு அடியில் சைக்கிள் டயரை வெட்டி வைத்திருந்தார். ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்ட நடுவில் நின்றது. பின் ஷீட்டில் ஆணிகள் நூல் பிடித்தது போல ஒரே வரிசை. இரண்டு கையும் நன்றாக இருக்கும் நானே இவ்வளவு சுத்தமாக அடிப்பதில்லை.

பிறகு கேம் லாக்குகளைப் பார்த்தேன். பலகைக்குள் பொத்தான் போல உட்காரும் சின்ன இரும்பு அது. அரைச் சுற்று திருப்பினால் எதிர்ப் பலகையின் போல்ட்டைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். முதல் கேம் திறந்து கிடந்தது. அடுத்ததும் அப்படியே. இருபதும் திறந்துதான் கிடந்தன, எல்லாம் ஒரே கோணத்தில். தெரியாமல் பூட்டியிருந்தால் நாலு சரியாக இருக்கும், நாலு தப்பாக இருக்கும். ஒவ்வொரு போல்ட்டிலும் கேம் ஒருமுறை கவ்வி விட்ட கீறல் வேறு தெரிந்தது. இது வேண்டுமென்றே செய்ததுபோல இருந்தது. ஷீட் ஒன்றுதான் அத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தது, அதிலும் ஆணிகள் இளக ஆரம்பித்துவிட்டன.

பொருள்களை இறக்கி வைத்துவிட்டு இறுக்கத் தொடங்கினேன். நாலாவது தட்டு முடியும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கை கால் பயிற்சிக்காக அவர் வியாழக்கிழமைதோறும் போகும் ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்றைக்கு லீவாம். கைத்தடியோடு அந்தோணிசாமி ஐயா நிலைப்படியில் நின்றார். "தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று அக்கா அடுப்படிக்குள் நழுவிவிட்டார்.

"யாரு நீங்க?"

"சர்வீஸ்லேருந்து வந்துருக்கேன் ஐயா. சும்மா செக்கிங்."

என் பொய் எனக்கே சகிக்கவில்லை. அவர் என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்தார். வேறு வழி தெரியாமல் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, ஒவ்வொண்ணையும் இறுக்கிட்டு மறுபடி எதுக்குத் தளத்தி விட்டீங்க?"

ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். நாக்கு கொஞ்சம் குழறினாலும் பேச்சில் அதிகாரம் குறையவில்லை.

"ஷட்டர் எறங்கித் தரையில ஒக்காந்ததும் அரைச் சுத்து திருப்பி விடணும் தம்பி. இறுக்கியே வச்சா ராடு வளஞ்சிரும், மறுநா தெறக்க முடியாது. முப்பது வருஷத்துல என் ஷட்டர் ஒண்ணு சிக்குனது கெடையாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பையிலிருந்து கேம் பொருத்திய துண்டுப் பலகை ஒன்றையும் ஒரு போல்ட்டையும் எடுத்து, ஸ்க்ரூடிரைவரோடு அவரிடம் கொடுத்தேன்.

"இதுக்கு மொத்தமே அரைச் சுத்துதான் ஐயா."

கட்டிலில் உட்கார்ந்து, துண்டுப் பலகையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, போல்ட்டைச் செருகி, இடது கையால் கேமைத் திருப்பினார். போல்ட்டைக் கவ்வியது. அரைச் சுற்று திருப்பி விட்டார். போல்ட் கழன்று தரையில் விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை. அடுப்படி வாசலில் அக்கா சொம்போடு அசையாமல் நின்றார். எட்டு மாதச் சுவரை நானே மறுபடி எழுப்பிவிட்டேனோ என்று நினைத்தேன்.

திடீரென்று பாதி முகத்தால் சிரித்தார்.

"அப்ப இருபது மதகையும் தெறந்து போட்டுட்டுல்ல தூங்கியிருக்கேன்! ஏ லூர்து, கேட்டியா?"

அக்கா சிரித்தார், அழுதார், சொம்புத் தண்ணீரில் பாதியைத் தரையில் சிந்தினார். கடைசித் தட்டை ஐயாதான் இறுக்கினார். ஒவ்வொன்றும் பிடித்தவுடன் அவர் கை தானாகத் திரும்பப் போகும், சட்டென்று நிறுத்திக்கொள்வார். நான் ஷீட்டுக்குப் புது ஆணி அடித்து, அலமாரியைச் சுவரோடு எல் கிளாம்ப் போட்டுப் பிடித்தேன். எத்தனை இறுக்கினாலும் அலமாரி கைப்பிடி ஆகாது என்று சொல்லி, கட்டிலை ஒட்டிச் சுவரில் இரும்புக் கம்பி ஒன்றும் பதித்துக் கொடுத்தேன்.

"இதையாவது இறுக்கியே வைக்கலாமா?" என்று ஐயா கேட்டார்.

அவரிடம் தப்பைச் சொல்லக் கூடாது என்று நானும் அக்காவும் சேர்ந்து பயந்தோம். அவருக்கோ எதனால் தப்பு என்று தெரிந்ததும் கை பரபரத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. தெரியாததால் மட்டும் ஆள்கள் தப்பாகப் பூட்டுவதில்லை. வேறொரு வேலை நன்றாகத் தெரிந்ததாலும் பூட்டுகிறார்கள். அதனால் ஷீட்டுக்கு அடுத்தபடியாக இப்போது இன்னொன்றும் கேட்கிறேன்: "பூட்டுனவங்க என்ன வேலை பாத்தவங்க?"

மறுவாரம் அக்காவுக்குப் போன் போட்டு, ஆடுகிறதா என்று விசாரித்தேன்.

"அலமாரி ஆடல தம்பி. அவரத்தான் வீட்ல புடிக்க முடியல. கைத்தடிய எடுத்துகிட்டு, தெருவுல யாரு வீட்டு அலமாரி ஆடுதுன்னு பாக்கப் போயிருக்காரு."