எல்லோரையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்ட புவனா அக்கா

புவனா அக்கா போய்விட்டார்.

இன்று விடிகாலை, திருப்பதி ஆஸ்பத்திரியில். அவருடைய அண்ணன் போன் செய்து, "எல்லாம் முடிஞ்சிபோச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை...

என்னோடு பழகியவர்களுக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் எங்கள் லேபில் ஒரு ஜெல் தயாரிக்கிறோம். உடலுறவில் பரவும் ஹெச்பிவி வைரஸ் பெண்ணின் உடம்பில் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதற்கான ஜெல். அந்த வைரஸ்தான் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சில பேருக்குக் கர்ப்பப்பை வாயில் கேன்சராக வந்து நிற்கும்.

ஜெல் இன்னும் கடைக்கு வரவில்லை. சோதனையில்தான் இருக்கிறது. அதன் பக்குவம் மொத்தமும் அக்காவின் கை.

புது பேட்ச் போட்டால், மருந்து சேர்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் எடுத்து முழங்கை மடிப்பில் தடவிக்கொள்வார். மேலே நீளக்கை சுடிதார். அப்படியே புத்தூர் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். மறுநாள் வந்து, இந்தப் பிசுபிசுப்போடு எந்தப் பொம்பளை நிம்மதியாகத் தூங்குவாள் என்று எங்களை வாங்கு வாங்கென்று வாங்குவார்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர், மல்லிகை வாசனை சேர்த்தால் பெண்களுக்குப் பிடிக்குமே என்றார். அக்காவுக்கு வந்ததே கோபம்!

"புருஷனுக்குத் தெரியாம போட்டுக்கினு இருக்கிறவள அந்த வாசனையே காட்டிக் குடுத்துடும் சார். வேணாம்."

அப்புறம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அக்காதான்.

நகரியில் அடிக்கடி கேம்ப் போடுவோம். கல்யாணமான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் டெஸ்ட். தறி ஓட்டும் பெண்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அக்கா வாசலிலேயே நின்று, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவார். வெட்கத்தில் அழுத ஒருத்தியிடம், டெஸ்ட் முடியும் வரை அவள் புடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எத்தனை பேரை அந்தக் கட்டிலில் படுக்க வைத்தார்... தான் மட்டும் படுக்கவில்லை.

எங்களைப் பொறுத்தவரை அவர் கல்யாணம் ஆகாதவர். நீங்கள் டெஸ்ட் எடுத்தீர்களா என்று லேபில் யாரும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகாதவரிடம் அதை யார் கேட்பார்கள்?

போன வருடம் ரத்தப்போக்கு நிற்காமல் அட்மிட் ஆகி, அதே கேன்சர் என்று தெரிந்தபோதுதான் என்னிடம் சொன்னார். சின்ன வயதில் வெதுருகுப்பத்தில் ஒரு கல்யாணம். அங்கே ஒரு வருடம்கூட இல்லை. அடி தாங்காமல் ஓடி வந்துவிட்டார். அப்பா அவரைக் காலேஜில் சேர்த்தார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

வேறு ஊருக்குப் போயாவது டெஸ்ட் எடுத்திருக்கலாமே அக்கா என்று கேட்டேன்.

"போலாம்னுதான் ஒவ்வொரு வருசமும் நெனப்பேன். போன எடத்துல, கல்யாணம் ஆச்சான்னுதான் மொதல்ல கேப்பாங்க. ஆச்சுன்னா நைனா மானம் போவும். இல்லன்னா, அப்ப ஒனக்கு இன்னாத்துக்கு இந்த டெஸ்ட்டுன்னு ஒரு மாதிரி பாப்பாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

நைனா என்று அவர் சொன்ன அந்த அப்பா இறந்தே பல வருடம் ஆகிறது.

இந்த வைரஸைப் பற்றி எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர்... ஒரு கேள்விக்குப் பயந்து...

இன்று புத்தூரில் அவர் வீட்டு வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சிரிக்கிற போட்டோ. தெலுங்கில், பேருக்கு முன்னால் 'குமாரி' என்று போட்டிருந்தது. அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் உடைந்துபோய்த்தான் நின்றார். மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.

இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். எழுதச் சொன்னதே அக்காதான். போன வாரம் பேசவே சிரமப்பட்டுக் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் போனப்புறம் எழுது. எனக்குக் கல்யாணம் ஆச்சுன்றதயும் சேத்து எழுது."

அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்றேன்.

"கோச்சிக்கினா கோச்சிக்கட்டும். நான்தான் இருக்கமாட்டேனே."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

எழுதிவிட்டேன் அக்கா.

போய் வாருங்கள். இனிமேல் யாரும் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.