முன்சக்கரத்தில் வைத்த தகடு

என் வீட்டுக்காரருக்கு எல்லாக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான்: தகடு. சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறார். அங்கே மோட்டார் ஒரு பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தால் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி மட்டம் சரிசெய்வார்கள். ஷிம் என்பார்கள் அதை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் கட்டில், பீரோ, கிரைண்டர், பிரிட்ஜ் என்று எதன் காலடியைப் பார்த்தாலும் ஒரு தகடு இருக்கும். சாம்பாரில் உப்பு கூடினால் மட்டும்தான் மனிதர் தகடு தேடமாட்டார்.

எங்களிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட், பைபர் உடம்பு. பாண்டிச்சேரியில் யாரோ அலுத்துப்போய் விற்றதை ஆசையாக வாங்கிவந்தார். வாங்கியது அவர், ஓட்டுவது நான். கம்மாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எங்கள் சுரங்க நகரியத்தில், எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் இது ஒரு வேடிக்கை. "அக்கா, ரேசுக்குப் போய்க்கினு இருக்கீங்களா, இஸ்கூலுக்குப் போய்க்கினு இருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலிலிருந்தே கேட்பாள். அவள் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி, வாயைக் கட்டவே முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் கட்டி வந்தது. வலது பக்கம். ஆபரேஷனில் அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "வலது கை கனமாத் தெரிஞ்சாலோ, வலு கொறைஞ்ச மாதிரி இருந்தாலோ தள்ளிப் போடாதீங்க. உடனே வந்துடுங்க."

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் நான் எதையும் தொடவில்லை. முதலில் தொட்டது இந்தக் காரின் ஸ்டியரிங்கைத்தான். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஆனால் முன்பக்கம் எடை குறைவு என்பதால், நினைத்த பக்கம் தானாகத் திரும்பும். இடது கை கியருக்குப் போகிற நேரம் வலது கை ஒன்றே வண்டியைப் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் நகரியத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாடா, நான் இன்னும் இருக்கிறேன் என்று தோன்றியது.

போன கோடை விடுமுறையில் தஞ்சாவூரில் அக்கா வீட்டுக்குப் போய் சில வாரம் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கார் வேறு மாதிரி நின்றது. முன்பு சக்கரங்கள் உடம்புக்குள் ஒடுங்கியிருக்கும். இப்போது நான்கும் வெளியே துருத்திக்கொண்டு, மல்லுக்கு நிற்கிறவன் காலை அகட்டியதுபோல நின்றது. அவர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

"பாத்தியா? இப்பதான் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி நிக்குது."

சக்கரம் அச்சில் உட்காரும் இடத்தில் வட்டத் தகடு வைத்திருந்தார். இதற்கு ஸ்பேசர் என்று பெயராம். ஒரு அங்குல கனம், லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டும் போட்டிருந்தார். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது அச்சோடு ஒட்டும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு ஆஃப்செட் என்று பெயர், தகடு வைத்தால் ஆஃப்செட் மாறிச் சக்கரம் அந்த அளவுக்கு வெளியே வரும் என்று வாசலிலேயே பாடம் எடுத்தார்.

"ஏங்க, ஓட்டறதுக்கு ஏதாவது வித்தியாசம் வருமா?"

"ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானம்மா. ஷிம் போட்ட மாதிரிதான். அகலமா நின்னா கவுராது, அவ்வளவுதான்."

இருபத்தைந்து வருடமாக இரும்போடு குடும்பம் நடத்துகிறவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

அவர் சொன்னதில் பாதி உண்மை. ரவுண்டானாவில் திரும்பும்போது வண்டி முன்பைப்போலச் சாயவில்லை, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் ஸ்டியரிங் கனத்தது. வாசல் கேட் அருகே மெதுவாகத் திருப்பும்போது வலது தோளிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்தது. லாரிகள் போட்ட பள்ளத் தடத்தில் சக்கரம் இறங்கினால் அந்தத் தடத்தோடே போகப் பார்க்கும். அதைப் பிடித்துப் பிடித்து நேராக்கி, பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கை ஓய்ந்திருக்கும்.

கை கனமாகத் தெரிந்தால் உடனே வந்துவிடுங்கள்.

வேறு எதையும் நான் நினைக்கவில்லை. நோய் திரும்ப வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் நீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பேன். வலது கை கொஞ்சம் பருத்ததுபோல இருக்கும், அடுத்த நிமிடம் இல்லாததுபோல இருக்கும். அவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். மறுபடியும் அந்த ஊசிகள், அந்த வாந்தி, உதிர்கிற முடி. என்னால் முடியாது சாமி என்று இருந்தது. இந்த மனிதரோ ஒரு வாளித் தண்ணீரைக்கூட என்னைத் தூக்கவிடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். எரிச்சலில் இரண்டு தடவை கத்தியும் விட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். எதிரே அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று பாதி ரோட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு வந்தது. நான் ஓரம் ஒதுங்கினேன். இடப்பக்கச் சக்கரங்கள் மணலில் இறங்கின, வலப்பக்கம் தாரிலேயே இருந்தது. இடது கையால் கியரைக் குறைத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் வெடுக்கென்று தானாக வலது பக்கம், லாரியைப் பார்த்துத் திரும்பியது.

பிடித்து நிறுத்தினேன். லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான். மணலில் வண்டி நின்றது. அப்புறம்தான் உறைத்தது. இடது கை இன்னும் கியர் மேல்தான் இருந்தது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்தியது வலது கை. தனியாக.

கணக்கு டீச்சர் மூளை அப்போதுதான் விழித்தது. கை வலுவிழந்தால் பிடி தளரும், சரி. நான் திருப்பாத ஸ்டியரிங் தானாக ஏன் இழுக்க வேண்டும்? அதற்கும் என் கைக்கும் என்ன சம்பந்தம்? வண்டியில் மாறியது சக்கரம் நிற்கிற இடம் ஒன்றுதான்.

இறங்கி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். கனம் தூக்கக்கூடாதுதான், தூக்கினேன். உடம்போடு அணைத்துப் பிடித்தால் சுமக்க முடிந்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், அதே சக்கரம் என்னை முன்னால் இழுத்தது. இடுப்பில் இருக்கும் குடத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். முன்சக்கரம் திரும்புவதற்கென்று அதற்குள்ளேயே ஒரு புள்ளி இருக்கிறது. தகடு வைத்துச் சக்கரத்தை அந்தப் புள்ளியிலிருந்து வெளியே தள்ளியாயிற்று. இனி ரோடு கொடுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அந்தத் தூரத்தால் பெருகி என் கைக்குத்தான் வரும். இதைப் போய் எட்டாம் வகுப்புக்கு நெம்புகோல் என்று நடத்துகிறேன்!

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க தகட்ட மொதல்ல கழட்டுங்க!"

"ஏன், என்னாச்சு?"

"கை போச்சுன்னு நெனச்சேங்க! திரும்ப வந்துடுச்சுன்னு நெனச்சு ஒவ்வொரு நாளும் செத்துகிட்டிருந்தேன். கையில ஒண்ணும் இல்ல. உங்க தகடு!"

லாரியையும் ஸ்டெப்னியையும் மூச்சு வாங்கச் சொன்னேன். வழக்கமாக இந்நேரம் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். அன்று டீயை அப்படியே வைத்துவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான்கு சக்கரத்தையும் கழற்றினார், தகடுகளை எடுத்தார், பழைய போல்ட்டுகளைத் தேடிப் போட்டு முறுக்கினார். நான் படியில் நின்று வைதுகொண்டே இருந்தேன்.

முடித்ததும் சாவியை நீட்டினார். பக்கத்து சீட்டில் தானும் ஏறிக்கொண்டார்.

இரட்டைச் சாலை ரவுண்டானாவில் வலது கையால் மட்டும் திருப்பினேன். பஞ்சு மாதிரி திரும்பியது. வண்டி பழையபடி கொஞ்சம் சாய்ந்தது, சாயட்டும். இன்னொரு சுற்று வந்தேன். அப்புறம் இன்னொன்று.

"கை?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நெசமா?"

"நெசமாத்தான்."

திரும்பிப் பார்த்தால் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மரத்தடியில் ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"வாசல் கேட் பக்கம் நீ ரெண்டு கையாலயும் இழுத்துத் திருப்பறதப் பாத்தேன். அப்பவே பழையது திரும்பிடுச்சுன்னு நெனச்சுட்டேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரில வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டுட்டேன். லீவும் சொல்லிட்டேன். உங்கிட்ட எப்படி வாயத் தொறக்கறதுன்னுதான் தெரியல." துண்டை எடுத்துவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "தகட்ட வச்சவன் நான். அது மேல ஒரு தடவகூடச் சந்தேகம் வரல பாரு. உங் கை மேலதான் வந்துது."

திட்ட வேண்டும்போல இருந்தது, முடியவில்லை. எனக்கும் என் கை மேல்தானே வந்தது? வண்டி மாறியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தும் இரண்டு பேரும் சந்தேகப்பட்டது என் உடம்பைத்தான். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறோம்.

"டோக்கன வேணாம்னு சொல்லிடவா?" என்றார்.

"எதுக்கு? போய்க் காட்டிட்டு வருவோம்," என்றேன். "ஆனா மெட்ராஸ் வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்."