மாடிப்படிப் பாட்டு ஜாக்கெட் என்ன கலர்?

ஜாக்கெட் தைக்கிற தொழிலில் துணியை வெட்டுவது சுலபம்; வந்து நிற்கிறவள் மனசில் இருக்கிற ஜாக்கெட்டை வெட்டுவதுதான் கஷ்டம். மெஷின் மிதித்து முழங்கால் தேய்ந்த சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்களெல்லாம் கீழே வெயிலில் தைத்தவர்கள். நான் கொடைக்கானல் பஜாரில், விரல் விறைத்துப்போகிற குளிரில், கணப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு தைத்தவள். போதாததற்கு எனக்கு ஒரு பைத்தியமும் உண்டு. பாட்டுப் படப் பைத்தியம். பெரிய திரையில் ஒருத்தி கையை விரித்துப் பாட ஆரம்பித்துவிட்டால், அடுப்பில் குழம்பு கொதிப்பது எனக்கு ஞாபகமே வராது. இது ஊருக்கே தெரிந்துபோனதால், ‘அந்தப் பாட்டுல வர்ற மாதிரி வேணும்’ என்கிறவர்கள் அத்தனை பேரும் என் கடைக்கே வந்து சேர்ந்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. எங்களூர்க் கொட்டகைக்கு வந்த படமெல்லாம் கறுப்பு வெள்ளைதான்.

பூண்டி கிராமத்துத் தங்கத்தின் கல்யாண ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஆனால் என் பாடு என்னவென்று தெரிந்தால்தான் அவள் பாடு புரியும். அதனால் ரெண்டு மூன்று பழைய சங்கதி முதலில்.

முதுகைக் காட்டாதவள்

ஒரு படத்தை நான் மூன்று தடவை பார்ப்பேன். முதல் தடவை பாட்டுக்காக. அன்றைக்குத் தொழில் பேச்சே கிடையாது. இரண்டாவது தடவை கைக்கும் கழுத்துக்கும். மூன்றாவது தடவை முதுகுக்கு. பின்னால் பொத்தானா, கொக்கியா, முடிச்சா என்று தெரியாமல் எப்படித் தைப்பது? ஆனால் இந்தக் கதாநாயகிகள் இருக்கிறார்களே, மூன்று மணி நேரமும் முகத்தைத்தான் காட்டுவார்கள். அழுதாலும் நம்மைப் பார்த்துதான் அழுவார்கள்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் சம்சாரம் ஒரு தோட்டத்துப் பாட்டு ஜாக்கெட்டைக் கேட்டிருந்தார். மூன்றாவது ஆட்டம். பாட்டு முடியப்போகிறது, அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு லேசாகச் சாய்கிறாள். இதோ திரும்பப்போகிறாள்! எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சைவிட்டு எழுந்து, “திரும்பு தாயீ, ஒரே ஒரு வாட்டி திரும்பு!” என்று கத்தியே விட்டேன். திரும்பியது அவள் இல்லை, பெண்கள் பக்கத்தில் இருந்த மொத்தக் கூட்டம். பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டிருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏக்கா, அவ ஒங்க மருமகளா? இந்த அதட்டு அதட்டுறீங்க!”

மெரூனா, பச்சையா

ஒரு நர்சம்மாவும் ஒரு டீச்சரம்மாவும் சிநேகிதிகள். ஒரே ஆட்டத்துக்கு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்துக் கடலையைக் கொறித்துக்கொண்டு படம் பார்த்தவர்கள். மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். வீணையை வைத்துக்கொண்டு பாடுகிற பாட்டில் வருகிற ஜாக்கெட் வேண்டும், அச்சு அசல் அதே கலரில். நர்சம்மா மெரூன் என்றார். டீச்சரம்மா கிளிப்பச்சை என்றார். “படத்துல கலரே இல்லீங்களே” என்று நான் சொன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பா! உண்மையைச் சொன்னால் எனக்கு அது மயில் நீலமாகத்தான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றை மெரூனிலும் ஒன்றைப் பச்சையிலும் தைத்துக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் பரம திருப்தி. ரெண்டு பேருக்குள்ளும் இருபது நாள் பேச்சுவார்த்தை இல்லை. நர்சம்மா சொல்லியனுப்பினார்: “டீச்சருக்குக் கண்ணாடி மாத்தணும்னு நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க.”

ஐயர் கேட்ட கேள்வி

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோயில் பாட்டுக்குழுவில் நிற்கிறவள் கொட்டகைக்குப் போகலாமா என்று யாரோ எங்கள் சபைப் பாதிரி ஐயரிடம் வத்தி வைத்துவிட்டார்கள். அங்கியின் ஓரத்தைத் தைக்கிற சாக்கில் வந்தார். “சினிமாவுக்குப் போறியாமே?” “தொழிலுக்குப் போறேங்கய்யா.” “சரி, தொழில். மூணு மூணு தடவை போறியாமே?” “கை, கழுத்து, முதுகுங்கய்யா.”

பிரசங்கம் வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் தைத்த அந்த அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டு வாசற்படி வரை போனவர் திரும்பி, ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை வெளியே தெரிந்தது. “எனக்கு மட்டும் ஒரே தடவை பார்த்துட்டுத் தச்சிருக்கே.”

பனி மறைத்த கை

எங்கள் ஊர்க் கொட்டகையில் கதவிடுக்கு வழியாகப் பனி உள்ளே வரும். நல்ல பாட்டு நேரத்தில் வந்து திரைக்கும் நமக்கும் நடுவே நின்றுகொள்ளும். அப்படித்தான் ஒரு படத்தில் கை எப்படி முடிகிறது என்று மூன்று ஆட்டத்திலும் எனக்குத் தெரியவே இல்லை. கேட்டிருந்தவள் தபாலாபீஸ்காரர் மகள், கோபக்காரி. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, முழங்கைக்குக் கீழே ஒரு சுருக்கம் வைத்து, அதன் மேல் ரெண்டு முத்து தைத்து, நானே ஒரு கையைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். போட்டுக் கண்ணாடியில் பார்த்தவள் கூவினாள்: “அப்படியே இருக்குக்கா! எப்படித்தான் இவ்வளவு கவனமாப் பார்க்கிறீங்களோ!”

தங்கம் பார்த்த ஒரே படம்

இனித் தங்கத்துக்கு வருகிறேன். பூண்டியில் வெள்ளைப்பூண்டு போடுகிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அவள் அம்மா பேச்சியம்மா மூட்டையோடு வருவார், கூட இவள். பிறந்ததிலிருந்து தங்கம் பார்த்தது ஒரே ஒரு படம், அதுவும் ஒரே ஒரு தடவை. அதில் மாடிப்படிப் பாட்டு ஒன்று உண்டு. உச்சிப்படியில் கதாநாயகி: வெள்ளைச் சேலை, வெள்ளை ஜாக்கெட், முழங்கையில் மூன்றடுக்குச் சுருக்கம் வைத்த கை. அவள் ஒவ்வொரு படியாக இறங்கி வரவர ரெண்டு பக்கமும் இருபது பேர் ஆடுவார்கள். நானே அந்தப் பாட்டில் மூன்று ஆட்டமும் அழுதவள்.

“அக்கா, அய்யம்பாளையத்துல எனக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. பொண்ணழைப்பு அன்னைக்கு நா அவளாட்டம் எறங்கணும்” என்றாள். “அங்க மாடிப்படிக்கு எங்க போவே?” என்றேன். “லாரியிலேருந்து எறங்குவேன்ல?” என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். உதிரிப் பூண்டு பொறுக்கி விற்றுச் சேர்த்து வாங்கிய வெள்ளை மல் துணியை மடியிலிருந்து எடுத்து வைத்தாள், சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் சேர்த்து. நான் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சியம்மா வந்துவிட்டார். துணியைப் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். “வெள்ளையா? ஒங்க வேதத்துல பொண்ணுக்குக் கட்டுவீங்க டெய்லரம்மா. எங்க வீட்டுல தாலியறுத்தவதான் கட்டுவா! எம் மக வெள்ளையில போய் அந்த வாசலை மிதிச்சா, அவ மாமியா உள்ள விடுவாளா?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பெற்றவள் பதறத்தானே செய்வாள்! ஆனால் தங்கத்தின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அழுதிருந்தால்கூடத் தேவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பாதியாக இளைத்திருந்தாள். ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லையாம். கல்யாணத்துக்குப் பதினோரு நாள்தான் கிடந்தது. “ரோஸ்ல தைக்கட்டுமா? அதே கை, அதே சுருக்கம்” என்று கெஞ்சினேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்: “வேற கலர்னா அது வேற பாட்டுக்கா.”

ஏரிக்கரைக்குக் கூப்பிட்டார்கள்

அன்றைக்கே மத்தியானம், சந்தை இன்னும் கலையவில்லை, ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஏரிக்கரையில் சினிமாக் கம்பெனி பாட்டு எடுக்கிறார்கள், கதாநாயகியின் வெள்ளை ஜாக்கெட் ஆட்டத்தில் அக்குளில் பிரிந்துவிட்டது, அவர்கள் கொண்டுவந்த டெய்லர் குளிர்காய்ச்சலில் கிடக்கிறார். “வெரசா வாங்கம்மா!” எனக்கா சொல்ல வேண்டும்? கடையைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை. ஊசி நூலோடு ஓடினேன்.

ஒலிபெருக்கிக் குழாயில் அவர்கள் எடுக்கிற பாட்டின் ரெண்டே ரெண்டு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரித்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்தக் கதாநாயகி அம்மா கம்பளிக்குள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். நான் உடம்பிலேயே வைத்துத் தைக்கக் கம்பளியை விலக்கினார்கள். ஜாக்கெட் மஞ்சள்! இளமஞ்சள். “இது வெள்ளை இல்லீங்களே” என்றேன். துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் சிரித்தார். “வெள்ளை போட்டா கேமராவுக்குக் கண்ணு கூசும்மா. அங்க முகமே தெரியாம ஒரே வெளிச்சமாப் போயிடும். மஞ்சள் போட்டாத்தான் படத்துல அழகா வெள்ளையாத் தெரியும்.” என் கை ஊசியோடு நின்றுவிட்டது. “அந்த மாடிப்படிப் பாட்டு?” என்றேன். “அதுக்கும் நான்தானே உடுப்பு. அதுவும் மஞ்சள்தான்” என்றார்.

ஆண்டவரே! நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தேன், எழுந்தேன், சந்தையைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். பின்னாலிருந்து அந்தப் பெரியவர் கத்தினார்: “ஏம்மா, இன்னும் ஒரு பக்கம் பிரிஞ்சு கெடக்கும்மா!”

பேச்சியம்மா சிரித்தார், தங்கம் சிரிக்கவில்லை

(திரும்பிப் போய் அந்தப் பக்கத்தையும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்; பாதி வேலையில் விட்டவள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.) பூண்டு மூட்டைகளுக்கு நடுவே நின்று மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாவுக்கு முகமெல்லாம் பல். “மஞ்சளா! அதைவிட மங்கலம் என்ன இருக்கு? துணி எங்கிட்டதான் கெடக்கு. நானே மஞ்சள் அரைச்சு முக்கித் தாறேன்” என்றார். அம்மா சொன்னதும் நடந்தது, மகள் கேட்டதும் கிடைத்தது, அசலே மஞ்சள் எனும்போது இனி என்ன சண்டை என்று நான் குளிர்ந்துபோய் நிற்கிறேன். தங்கம் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: “ஆனா, நா பார்த்தது வெள்ளைதானக்கா?”

ரெண்டு கை கூட

அந்தப் பிள்ளை கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. வாய் தன் பாட்டுக்குப் பேசிவிட்டது: “கல்யாணம் முடிஞ்சு வத்தலக்குண்டு ஸ்டுடியோவுல போட்டோ எடுப்பீங்கல்ல? அதுவும் கறுப்பு வெள்ளைக் கேமராப் பெட்டிதான தங்கம். அதுல நீ வெள்ளையாத்தான் இருப்பே, ஆயுசுக்கும்.” அவள் கண் விரிந்தது. “நெசமாவாக்கா?” “நெசமா” என்றேன். அன்று சாயங்காலமே எங்களோடு உட்கார்ந்து ரெண்டு இட்லி சாப்பிட்டாள்.

நான்தான் சாப்பிடவில்லை. சினிமாப் பெட்டியும் ஸ்டுடியோப் பெட்டியும் ஒன்றா? எனக்கு என்ன தெரியும்! வெள்ளை வராமல் சாம்பலாக வந்து தொலைத்தால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? எங்கள் வீட்டுக்காரர் வேறு, பாட்டு வந்தால் கொட்டகையில் தூங்குகிற மனுஷர், “ஒனக்கு இந்தச் சோலி தேவையா?” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். லேசாக, பட்டும் படாமல் முக்குங்கள் என்று பேச்சியம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நாலாம் நாள் துணி வந்தது. பூசணிப்பூ தோற்றது போங்கள்! தைத்து முடிப்பதற்குள் என் பத்து விரலும் மஞ்சள். ஏனம்மா இப்படி என்றால் பேச்சியம்மா பெருமையாகச் சொன்னார்: “மங்கலம் கூடவே இருக்கட்டுமேன்னு ரெண்டு கை சேர்த்துப் போட்டேன்.”

போட்டோ

கல்யாணம் முடிந்து ஒரு மாசம் எனக்குப் பொழுதே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கடை திறக்கிறேன், வாசலில் தங்கம், அவள் புருஷன், பேச்சியம்மா. பையன் உயரம், வாய் திறக்கிற ஜாதி இல்லை. தங்கம் கதை கதையாகச் சொன்னாள். லாரியிலிருந்து சேலைக் கொசுவத்தை ரெண்டு விரலால் தூக்கிக்கொண்டு, நின்று, பார்த்து, ஒரு காலுக்குப் பிறகு ஒரு கால் என்று இறங்கினாளாம். மாமியார் பதறிப்போய், “பொண்ணுக்குக் காலு சொகமில்லையா?” என்று கேட்டாராம்.

போட்டோவை முந்தின நாள்தான் ஸ்டுடியோவில் வாங்கியிருந்தார்கள். காகிதம் பிரிக்கவே இல்லை. “நீங்க பிரிங்கக்கா” என்றாள். நீயே பிரி என்று அவள் பக்கமே தள்ளினேன். அவளே பிரித்தாள். நாற்காலியில் மாப்பிள்ளை விறைப்பாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் தங்கம் நின்றாள். மூன்றடுக்குச் சுருக்கத்தோடு வெள்ளை ஜாக்கெட், வெள்ளைச் சேலை. பளிச்சென்ற வெள்ளை! அந்த உச்சிப்படியில் நின்றவள் தோற்றாள். தங்கம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடியது. நானும் அழுதேன், சந்தோஷத்தில் தாராளமாக அழுதேன்.

பேச்சியம்மா போட்டோவை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் ஜாக்கெட்டைத் தேய்த்து விரலையும் பார்த்துக்கொண்டார். தன் கையாலேயே மஞ்சள் அரைத்து முக்கிய மனுஷி, என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “டெய்லரம்மா, ஒங்க ஏசு சாமி மேல ஆணையாச் சொல்லு. நா முக்கிக் குடுத்ததை ஒளிச்சு வச்சுட்டு வேற துணியிலதான தச்ச?”

அன்றிலிருந்து, அந்தப் பாட்டில் அது என்ன கலர் என்று யார் கேட்டு வந்தாலும், “நீங்க பார்த்த கலர்தான்” என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குக் கை நீளத்தை அளக்க ஆரம்பித்துவிடுகிறேன்.