பழுது எங்கள் பக்கம்

“செவ்வாய், முற்பகல் 10.05. டோக்கன் எண் 47. நான்காவது தடவை.” என் குறிப்புப் புத்தகத்தில் நேற்று எழுதியது இது. டோக்கனையும் பக்கத்தில் ஒட்டினேன். முதல் தடவை போனபோது தந்த டோக்கனை ஒட்டிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், அது வெறும் வெள்ளைத்தாள். இரண்டு மாதத்தில் எழுத்தெல்லாம் பறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இணைப்புத் தரும் இணைய நிறுவனம் என் கையில் எழுத்தில் தந்தது அது ஒன்றுதான். அதுவும் நிற்கவில்லை.

கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா மார்கழி மழைக்குள் ஒரு திங்கட்கிழமை இறந்தார். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமைதான் இங்கே வந்துசேர விமானம் கிடைத்தது. அதுவரை உடலை வைத்திருக்கச் சொல்லி அழுதாள். நான் மறுத்தேன். “என்னைப் பெட்டிக்கை வைச்சு நாள்க்கணக்கா வேடிக்கை காட்டிப்போடாதை” என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் சொன்னதுதான் வினை. கடைசியில், புதன்கிழமைச் செத்தவீட்டைக் கைபேசியில் நேரடியாகக் காட்டுவதென்று ஒத்துக்கொண்டோம். வாய்க்கரிசி நேரம் அவள் அங்கே கையில் அரிசியோடு நிற்பாள். “போடுங்கோ அண்ணை” என்று அவள் சொல்ல, அவளுக்காக நான் இங்கே போடுவேன்.

வாய்க்கரிசிக்கு முன்பே, 11.42க்கு இணைப்புப் போனது. திரும்பி வந்தது மாலை நாலு மணிக்கு. அப்போது வீடு கழுவிக் காய்ந்திருந்தது.

நான் வீம்புக்குத் துண்டித்தேன் என்று தங்கச்சி நம்புகிறாள். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. கேட்பதும் சொல்வதும் அவளுடைய மகள் மூலம்தான். ஆகவே எனக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். இன்ன நாள், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை பழுது எங்கள் பக்கம் என்று ஒரு வரி. தொலைபேசியில் கேட்டேன். தமிழுக்கு இரண்டை அழுத்தி, அரை மணிநேரம் பாட்டுக் கேட்டபிறகு, ரூட்டரை ஒருக்கால் நிறுத்திப் போடச் சொன்னார்கள். போன கிழமைப் பழுதுக்கு இன்றைக்கு ரூட்டரை நிறுத்தி என்ன செய்வது? யாழ்ப்பாணக் கிளைக்கு நேரில் போனேன். வருத்தம் தெரிவித்து, டேட்டா இனாமாகத் தருகிறோம் என்றார்கள். அம்மாவின் சாவுக்கு இனாம்! மூன்றாம் தடவை, கணினியில் அன்று பழுதே பதிவாகவில்லை என்றார்கள்.

அந்த டோக்கனின் வழுவழுப்பு விரலில் படும்போதெல்லாம் எனக்குக் கார்பன் தாளின் மணம் நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுன்னாகத்தில் தொலைபேசி நிலையத்தில் பழுதுப் புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. வீட்டுக்குப் போய்ச் சோறு பிசையும்போதும் விரல்நுனி ஊதாவாக இருக்கும். ஒருநாள் வெங்காய வியாபாரி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். லொறி பிந்தும் என்று சொல்ல முதல்நாள் கொழும்புக் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார், லைன் இல்லை. இவர் சரக்கை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார் என்று அந்தக் கடைக்காரர் முறைத்துக்கொண்டாராம்.

“தம்பி, நான் எடுத்தனான் எண்டு அவன் நம்பிறானில்லை. ஒரு துண்டு எழுதித் தாங்கோ.”

அப்படியெல்லாம் கொடுக்கிறதில்லை என்று நான் துரைத்தனமாகச் சொன்னேன். பின்னால் இருந்த எங்கள் மேலதிகாரி தலை நிமிராமல் கேட்டார்: “பழுது ஆற்றை பக்கம்?”

“எங்கடை பக்கம், சேர்.”

“அப்ப எழுதிக் குடுக்க உமக்கென்ன வெக்கம்?”

எழுதினேன், “ஒன்பது மணியளவில்” என்று. அவர் அதைக் கிழித்துப்போட்டார். “அளவில் எண்டா என்ன? புத்தகத்தைப் பாரும்.” பார்த்து 9.17 என்று எழுத, கையெழுத்து வைத்தார். என்னைப் பிடித்த நேர வியாதி அன்று தொடங்கியதுதான். வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் மணிக்கூடு. வியாபாரி அடுத்த சந்தைக்கு வந்தபோது வாசலில் சைக்கிளை நிறுத்தி, “நம்பிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று நாற்பத்தேழாவது ஆளாகப் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஐயா, அண்டைக்கு மத்தியானம் எங்கடை வீட்டிலையும் இல்லை. எத்தினை மணிக்குப் போனதெண்டு தெரியாது. ஆனா எழுதித் தர ஏலாது. என்ரை வேலை போயிடும்.”

இரண்டு மாதத்தில் நான் கேட்ட ஒரே உண்மை. அதை அப்படியே தங்கச்சியின் மகளிடம் சொன்னேன். அரை மணியில் பதில் வந்தது: “அம்மா கேக்கிறா, உவையள் எழுதித் தந்தவையோ எண்டு.”

இல்லை. எழுதித் தரும் மனிதரும் இல்லை, அந்தப் புத்தகமும் இல்லை. எல்லாவற்றையும் பதிகிற கணினிதான் இருக்கிறது. அதில் பழுது இல்லை.

பதிவுக்காக இன்னொன்றும் எழுதவேண்டும். தங்கச்சி கடைசியாகக் கண்டது, கைபேசியை நோக்கி வந்த என் கையாம். அவளுடைய முகம் அசையாமல் நின்றுவிட்டதைக் கண்டுதான் கையை நீட்டினேன் என்பது என் நினைவு. குறிப்பில் 11.42 இருக்கிறது, கை நீட்டிய நேரம் இல்லை. இணைப்புப் போனபிறகு கை பட்டதா, கை பட்டபிறகு இணைப்புப் போனதா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.