பதினேழாம் நம்பர் வில்லை

என் மேசையில் இருந்த டீத் தம்ளர் தானாக நகர்ந்து விளிம்பில் போய் நின்றது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. போளூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு தட்டச்சு செய்து பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தெருவே எழுந்து நின்று மலைப்பக்கம் பார்த்தது. மலைக்குப் போகிற ரோட்டில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலை இருந்தது. தவிட்டை ஒரு திரவத்தில் ஊறவைத்து எண்ணெயைப் பிரிப்பார்கள். பெட்ரோலைப் போல வாடையடிக்கும் திரவம், தீப்பொறி பட்டால் போதும். ஆலைக்கு மேலே கரும்புகை ஆள் எழுந்து நிற்பதுபோல நின்றது. நான்கு பேர் செத்தார்கள் என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆலை மட்டும் மூன்று பேர் என்றது.

அந்த நாலாவது ஆள் யார் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது ஆலைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். அவன் எங்கள் ஆளே இல்லை, வேறொருவன் வாசலில் காட்டும் நம்பர் வில்லையைத் திருடிக்கொண்டு உள்ளே நுழைந்தவன், அவன் பற்றவைத்த பீடியால்தான் இத்தனையும் என்றார்கள். பெரிய முதலாளிகளுக்குப் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். ஒரே பொய்யில் நான்கு பிணத்துக்கும் கணக்குத் தீர்த்துவிட்டார்கள். வெளியாள் வைத்த தீ என்று ஆகிவிட்டால் மற்ற மூன்று குடும்பத்துக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து அந்த நாலாவது ஆளின் மனைவி என் மேசைக்கு வந்தார். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஏதோ ஒரு சிற்றூர். கூட வந்த கொழுந்தன் அவரை “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். பிறகு அந்தத் தெருவுக்கே அவர் அண்ணி ஆகிவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். அழுது முடித்துவிட்டு வந்த முகம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

நடந்தது இதுதான். ஆலையில் வேலைக்குச் சேரும்போது ஒரு பித்தளை வில்லை கொடுப்பார்கள், டோக்கன் என்பார்கள், அதில் நம்பர் இருக்கும். வாசலில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பதினேழாம் நம்பர் வில்லை கொழுந்தனுடையது. ஆனால் மலையில் வேலை என்பது ஆளுக்குக் கிடைப்பதல்ல, வீட்டுக்குக் கிடைப்பது. சாமைக்குக் களை எடுக்கிற வாரம் தம்பி காட்டில் நிற்பான், அண்ணன் வில்லையை எடுத்துக்கொண்டு ஆலைக்கு இறங்குவான். புளி உலுக்கும் காலத்தில் அண்ணன் மலையில், தம்பி ஆலையில். நாலு வருஷமாக இப்படியே. அதில் தப்பிருப்பதாக அவர்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மேஸ்திரிக்கும் தெரியும். “யாரா இருந்தா இன்னாடா, பதினேழு வந்துச்சா இல்லியா?” என்பாராம். அன்றைக்கு அண்ணனுடைய முறை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் உடைந்துபோனான். ஆலை ஆபீஸில் கூப்பிட்டு, தனக்குத் தெரியாமல் அண்ணன் வில்லையை எடுத்துப்போனதாக ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். “வேல போயிடும், ஜெயிலுக்கும் போவேன்னாங்க அண்ணி. வெச்சுட்டேன்.” செத்துப்போன அண்ணனைத் திருடனாக்கிய கட்டைவிரலை அவன் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அண்ணி அவனை அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ என் பக்கம் திரும்பினார்.

“இவன பயமுறுத்தி வாங்கினாங்கன்னு அதையும் எழுதுங்க தம்பி.”

எனக்கு மனு எழுதித்தான் பழக்கம், தைரியம் பழக்கமில்லை. ஒரு யோசனை சொன்னேன். கொழுந்தனுக்கு அன்று ஒருநாள் காய்ச்சல், அதனால் அண்ணன் போனார் என்று எழுதிவிடலாம், நாலு வருஷம் என்று ஒப்புக்கொண்டால் நாமே ஏமாற்றியதாக ஆகிவிடும் என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“காய்ச்சல்னு நாம ஒரு பொய் சொன்னா, பீடின்னு அவங்க சொல்ற பொய்யும் நிக்கும். நாலு வருசமா மாறி மாறிப் போனாங்கன்னே எழுதுங்க. மறைச்சுப் போனாதான திருட்டு? மேஸ்திரிக்குத் தெரிஞ்சுதான போனாங்க?”

“அதற்குச் சாட்சி வேண்டுமே அண்ணி?”

“மலையில பன்னண்டு டோக்கன் கீது. எல்லா வூட்லயும் இதே கதைதான்.”

அந்தப் பன்னிரண்டு வீடுகளும் ஒரே ஊரில் இல்லை. பஸ் போகாத ஊர்கள். அண்ணி மூன்று வாரம் நடந்தார். உனக்குப் போனது போச்சு, எங்கள் வேலையும் போகணுமா என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலும் அண்ணி ஒரே பதிலைத்தான் சொன்னாராம். “நாளைக்கு உன் வூட்டு ஆளு உள்ள செத்தாலும் திருடன்னுதான் சொல்லுவாங்க. அப்போ நீ யார்கிட்ட போவ?” கடைசியில் மலையூர்த் தலைவர்களான ஊர்க்கவுண்டர்கள் கூடிப் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். என்ன முடிவாயிற்று என்று அண்ணி என்னிடம் சொல்லவில்லை.

விசாரணை வேலூரில், தொழிலாளர் இழப்பீட்டு அதிகாரி முன்னால். மனு எழுதியவன் என்ற முறையில் நானும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆலை வக்கீல் வெளுத்த சட்டையும் சிரித்த முகமுமாக இருந்தார். ஆலைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, ஒரு நம்பருக்கு ஒரு ஆள், இது எங்கள் ஒழுங்கு, மலைக்காரர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்களே, வேண்டுமானால் நம்பர் நம்பராகக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றார். தன் வாயாலேயே கெடும் தவளை என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்! அதிகாரி மேஸ்திரியையே படிக்கச் சொன்னார்.

“மூணு” என்றார் மேஸ்திரி. இரண்டு பேர் எழுந்தார்கள். அறையில் சலசலப்பு. “எட்டு.” இரண்டு பேர். பதினொன்றுக்கு அப்பனும் இரண்டு பிள்ளைகளுமாக மூன்று பேர் எழுந்தபோது அதிகாரியே வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஆலை வக்கீல் போதும் என்றார். அதிகாரி, நீங்கள்தானே கேட்டீர்கள், முடியட்டும் என்றார். எழுந்தவர்கள் யாரும் திரும்ப உட்காரவில்லை. மேஸ்திரியின் குரல் நம்பருக்கு நம்பர் இறங்கிக்கொண்டே வந்தது.

“பதினேழு.”

கொழுந்தன் எழுந்தான், தனியாக. அப்போது அண்ணி பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார். நீங்கள் யாரம்மா என்று அதிகாரி கேட்டார்.

“இவன்கூட நிக்க வேண்டியவரு வர முடியாதுங்க. அதான் நான் நிக்கிறேன்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார், இவர்களில் உனக்குத் தெரியாத முகம் எது என்று. மேஸ்திரி பதிவேட்டை மூடினார். எல்லாரையும் தெரியும் என்றார். தீப்பிடிப்பதற்கு முன் பத்து நாளாகவே மலை ஆட்கள் உள்ளே வாடை தூக்குது, கண் எரியுது என்று சொன்னதையும், மேலே சொல்லியும் ஆலையை நிறுத்த விடவில்லை என்பதையும் அதே மூச்சில் கொட்டிவிட்டார். அந்த மனிதரும் எத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டிருந்தாரோ.

பன்னிரண்டு வீடுகளின் வேலையும் அந்த வாரமே போயிற்று. அதற்காக அண்ணியை ஒருவரும் ஒரு சொல் சொன்னதாக நான் கேட்டதில்லை. தீர்ப்புக் காகிதம் வர மாதக்கணக்கில் ஆனது. அதை எடுத்துக்கொண்டு அவர் கொழுந்தனோடு மலையிலிருந்து இறங்கி என்னிடம் வந்து, படிக்கச் சொன்னார். இறந்தவர் ஆலையின் தொழிலாளிதான், ஆலை பொறுப்பேற்க வேண்டும் என்று இருந்தது. கைநாட்டுக் காகிதத்தைத் தள்ளியிருந்தார்கள். நான் உற்சாகமாக இழப்பீடு பற்றிய பக்கத்துக்குப் போனேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

“பீடின்னு சொன்னாங்களே, அது இன்னா ஆச்சு?”

“அதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் அண்ணி.”

அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். கொழுந்தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணி அழவில்லை.

“அவரு வெக்கலன்னா யாரால எரிஞ்சுதுன்னு அதுல கீதா?”

கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். இல்லை. அது இந்த அதிகாரியின் வேலை இல்லை, தொழிற்சாலை ஆய்வாளரிடம் கேட்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுப்பார்கள் என்றேன்.

அத்தனை நாளாக என் மேசை முன்னால் நின்றே பேசியவர், அன்றைக்குத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இழுக்கட்டும். நீங்க மிஷின்ல தாள மாட்டுங்க தம்பி.”