தொட்டால்தான் கோ

விளையாட்டு டீச்சராக நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில், பெண் பிள்ளைகளுக்கு வயிற்று வலி ஒரே ஒரு பீரியடில்தான் வரும். அது என் பீரியட். நான் விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால், ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் வேப்ப மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கணக்கு வாத்தியார் வராந்தாவில் நின்று, "வலிக்குதுன்னா கிளாசுக்கு அனுப்புங்க டீச்சர், ரெண்டு கணக்காவது போட்டுடறேன்" என்பார். கணக்கு என்றதும் பாதிப் பேருக்கு வலி நின்றுவிடும். ஆனாலும் எழுந்து ஓட மாட்டார்கள்.

வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தை ஒட்டிய ஊர் அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். நான் களமருதூர்க்காரி. எனக்குப் பேச்சு ஜாஸ்தி, பொறுமை கம்மி. முதல் மாதம் முழுக்கக் கத்தித் தீர்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள், கள்ளக்குறிச்சியில் நடக்கும் கோ-கோ போட்டிக்கு ஒரு டீம் அழைத்துப்போகப் போகிறேன் என்று சொன்னேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தரையில் குச்சியால் கிறுக்கிக்கொண்டே, "போன டீச்சரும் இப்டிதான் சொன்னாங்க. சொல்லிட்டு தியாகதுருகத்துக்கு டிரான்ஸ்பர் வாங்கிக்கினு போய்ட்டாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இவள்தான் கேப்டன் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்துவிட்டேன். என்னைப் போலவே வாய் உள்ளவள்.

கோ-கோவில் விரட்டுகிற அணியில் எட்டுப் பேர் ஒரே வரிசையில் குந்தியிருப்பார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் எதிராளியை விரட்டுவாள். முடியாதபோது, குந்தியிருக்கும் ஒருத்தியின் முதுகில் தட்டி 'கோ' என்பாள். தட்டு வாங்கியவள் எழுந்து ஓடுவாள், தட்டியவள் அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். தட்டாமல் வெறும் வாயால் 'கோ' சொன்னால் ஃபௌல்.

பயிற்சி தொடங்கிய இரண்டு நாளில் ஃபௌலாகவே வந்து விழுந்தது. கை வீச்சு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதுகில் எங்கே தட்ட வேண்டும், எப்படித் தட்ட வேண்டும் என்று குனிந்து குனிந்து காட்டினேன். மூன்றாம் நாள்தான் கண் திறந்தது. எல்லா முதுகுக்கும் ஃபௌல் இல்லை. காலனியிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஹாஸ்டலில் தங்கிப் படித்த மலைப் பெண் ஒருத்தி, இந்த மூன்று முதுகுகளுக்குப் பின்னால் வரும்போது மட்டும் ஊர்ப் பெண்களின் கை ஒரு சாண் தள்ளியே நின்றது. அதிலும் கேப்டனின் கை அப்படியே விறைப்பாக நின்றது.

எனக்கு ஆத்திரம் வந்தது. கூப்பிட்டு நாலு வார்த்தை நன்றாகக் கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. ஆனால் ஒரு மாதம் கத்திப் பார்த்தவள் நான். அதனால் விசிலை மட்டும் ஊதினேன். "ஃபௌல். முதல்லேர்ந்து." தொடவில்லையா, விசில். மறுபடி முதலிலிருந்து. காரணம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஆட்டம் எங்கேயும் போகாமல் அங்கேயே நின்றது. வெயிலில் வியர்த்து ஊற்றியது.

ஒரு சாயங்காலம் கேப்டனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. மலைப் பெண்ணின் முதுகில் பளார் என்று ஒன்று வைத்து, "கோ!" என்று கத்தினாள். அடியில் கோபம்தான் இருந்தது. ஆனால் மலைப் பெண் எழுந்து ஓடிய ஓட்டத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவளை யாரும் அதுவரை எழுப்பியதே இல்லை. எதிர் டீமில் நின்ற மூன்று பேரையும் மூச்சு விடுவதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கேப்டன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மறுநாளிலிருந்து கேப்டனின் முதல் தட்டு மலைப் பெண்ணுக்குத்தான். மனசு மாறிவிட்டது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்தது வீடு வீடாகப் போய் அனுமதி வாங்கும் வேலை. வயசுக்கு வந்த பெண்களை வெளியூருக்கு யார் அனுப்புவார்கள்? ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒண்ணா இட்டுக்கினு போறேன், ஒண்ணா இட்டாந்து வுட்டுடறேன். ஒருத்திய கூட வுட்டுட்டு வரமாட்டேன்." பின்னாலேயே வந்த பெண்கள் நாலாவது வீட்டில் சிரிக்கத் தொடங்கினார்கள். ஆறாவது வீட்டில் என் குரலிலேயே முணுமுணுத்தார்கள். என் கை ஆட்டம் உட்பட எல்லாம் கச்சிதம். ஒவ்வொரு வீட்டிலும் மோரும் கூழும் டீயும் கொடுத்து என் வயிறு வேறு குடம் போல் ஆகிவிட்டது.

கேப்டனின் அப்பா மட்டும் உட்காரச் சொல்லவில்லை. சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தவர், நல்ல உயரம், மீசை. "பொழுது சாயறதுக்குள்ள வூட்டாண்ட இருக்கணும் டீச்சர். ஒரு நாளு நேரமாச்சின்னாலும் அதோட படிப்பே வேணாம், நிறுத்திடுவேன்" என்றார். கேப்டன் கதவோரம் நின்று காலால் தரையைத் தேய்த்தாள். அந்த மனிதர் சொன்னதைச் செய்வார் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மலைப் பெண்ணின் வீட்டுக்கு நான் போக மாட்டேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மலை பஸ்ஸில் ஏறிப் போனேன். வளைவுக்கு வளைவு வாந்தி. அவளுடைய அம்மா சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றாள். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, "முகத்த கழுவுங்க மொதல்ல" என்றாள். திங்கட்கிழமை மைதானத்தில் ஒருத்திக்கும் வயிற்று வலி இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திடீர் திடீரென்று சாலையோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிடுவார்கள். பஸ் ஓடாது. போட்டி நடந்த சனிக்கிழமை அப்படி எதுவும் இல்லை என்று டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், தலைமையாசிரியர் அறையில், எல்லா இடத்திலும் சொன்னார்கள். காலை பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். என் புடவைத் தலைப்பில் கொத்தாக ஊக்குகள். தாவணியை இழுத்துக் கட்டிக் குத்துவதற்கு.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். இரண்டாவதில் தோற்றோம். ஜெயித்த ஆட்டத்தில் மலைப் பெண் ஓடியதைப் பார்த்துக் கள்ளக்குறிச்சிப் பெண்களே கை தட்டினார்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, அந்த நடுவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்து, பொழுதோடு பஸ் ஏறினோம். பாதி தூரம்கூட வரவில்லை. எதிரே ஒரு பெரிய புளிய மரம் சாலையில் படுத்திருந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு, "எறங்குங்க. இனிமே நடராஜா சர்வீஸ்தான்" என்றார்.

நடந்தோம். வெட்டிய மரங்களின் பச்சை வாசனை வழி நெடுக இருந்தது. கிளைக்குக் கிளை தாண்டிக் குதித்தார்கள். முதலில் அவர்களுக்கு அது விளையாட்டாகவே இருந்தது. பின்வெயில் சாயத் தொடங்கியதும் கேப்டன் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஏன் அடிக்கடி மேற்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளையின் படிப்பு என்னால் போகப்போகிறது என்ற நினைப்பிலேயே நடந்தேன்.

எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது கடைசி மரம். அதைச் சுற்றி நின்றவர்கள் எங்கள் ஊர் ஆட்கள். மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, கையில் கோடாலியோடு நின்றவர் கேப்டனின் அப்பா. மரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய டிராக்டர், பின்னால் டிரெய்லருடன்.

எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது. "இன்னா டீச்சர் இது? நான் இன்னா சொன்னேன்? பொழுது எங்க போய்க்கினு இருக்குது பாருங்க!"

எனக்கு இருந்த பயமெல்லாம் எங்கே போனதோ. "மரத்த வெட்டிப் போட்டது நீங்க, லேட்டு பண்ணது நானா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பி முறைத்தார், சிரிப்பு நின்றது.

"சரி. எம்பொண்ணு என்கூட வரட்டும். மத்ததுங்கள அந்தந்த வூட்டு ஆளுங்க வந்து பாத்துப்பாங்க" என்று மகளைக் கூப்பிட்டார். "ஏறும்மே வண்டில."

அவள் நகரவில்லை. அவள் போய்விட்டால் அவளுடைய படிப்பு தப்பித்துவிடும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. "போம்மா, நான் இவங்கள பாத்துக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ துரோகம் செய்தவளைப் பார்ப்பதுபோல. பிறகு அப்பாவிடம் திரும்பி, என் குரலில், என் கை ஆட்டத்தோடு சொன்னாள்: "ஒண்ணா இட்டுக்கினு போறேன், ஒண்ணா இட்டாந்து வுட்டுடறேன். ஒருத்திய கூட வுட்டுட்டு வரமாட்டேன். டீச்சர் அப்டிதான் சொல்லி இட்டுக்கினு போனாங்க. உங்கிட்டயும்தான் சொன்னாங்க. நான் மட்டும் எப்டி வரது?"

இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"நாங்க இன்னாத்துக்கு ரோட்ல நிக்கிறோம்? உங்க படிப்புக்கும் வேலைக்கும்தானே!" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எங்களுக்கோசரம்தான் மறிக்கிறேன்ற. எங்களயே வழி வுடமாட்டேன்ற."

கூட்டத்தில் மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவர் யாரையும் முறைக்கவில்லை. கோடாலியை மரத்தில் கொத்தி நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் டிராக்டரில் உட்கார்ந்தார். "ஏறுங்க எல்லாரும்" என்றார், எங்களைப் பார்க்காமலே.

டிரெய்லரில் ஏறினோம். வைக்கோல் துகளும் மண்ணும். யாரும் சொல்லாமலே பெண்கள் கோ-கோ வரிசையில் குந்தினார்கள், ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். கேப்டன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வீடு வந்ததும் அந்த வீட்டுப் பெண்ணின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. "கோ!" அவள் துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினாள். அடுத்த வீடு, அடுத்த தட்டு. காலனிக்குத் திரும்பும் இடத்தில் அவளுடைய அப்பா வண்டியை நிறுத்திவிட்டார், உள்ளே ஓட்டவில்லை. இரண்டு தாய்மார்கள் அங்கேயே காத்திருந்தார்கள். கேப்டன் காலனிப் பெண்கள் இருவர் முதுகிலும் சேர்த்து ஒரே நேரத்தில் தட்டினாள். டிராக்டரில் திரும்பி உட்கார்ந்து அவர் அதைப் பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். ஹாஸ்டல் வாசலில் மலைப் பெண்ணுக்கு விழுந்தது எல்லாவற்றிலும் பெரிய அடி. அவள் சிரித்துக்கொண்டே முதுகைத் தேய்த்தபடி ஓடினாள்.

பொழுது முழுசாகச் சாய்ந்திருந்தது. வண்டியில் நானும் கேப்டனும்தான். பயம் திரும்ப வந்தது. என் அறைக்கு முன்னால் வண்டி நின்றதும், முன்னால் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவீங்க இல்லண்ணா?" என்று கேட்டேன்.

அவர் என்ஜினை ஒரு முறை உறுமவிட்டார். "திங்கக்கெழம பள்ளிக்கூடம் ஏது? நாங்க தொறக்க வுட்டாதானே!" என்றார். பிறகு, "தொறந்தா வரும்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று இருட்டைச் சாக்கு வைத்துக்கொண்டு, இறங்குவதற்காகப் பின்பலகையோரம் குந்தினேன். முதுகில் பளார் என்று ஒன்று விழுந்தது.

"கோ, டீச்சர்!"

நன்றாகவே வலித்தது. குதித்து ஓடினேன்.