ஜியோலைட் ரூபி

தென்காசியில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் ரூபி, யார் என்ன புகாரோடு வந்தாலும் ஒரு கல்லை எடுத்து நீட்டிவிடுவாள். ஜியோலைட். பார்த்தால் சாம்பல் பூத்த ஜல்லிதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடி. சாரலில் துணி அலமாரி நாறுகிறதா, பையில் கட்டித் தொங்கவிடு. ஷூ நாறுகிறதா, உள்ளே போடு. மீன் கழிவிலிருந்து தொட்டியில் சேரும், மீனுக்கே விஷமான அம்மோனியாவையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துபோனால் வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து ஊறப்போட வேண்டும், பிடித்ததையெல்லாம் கக்கிவிடும். கழுவிக் காயவைத்தால் மறுபடி புதுசு. அந்தச் சிக்கனத்தில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை!

குற்றாலத்தில் ஐந்து லாட்ஜ்களின் மீன் தொட்டிகள் அவள் பொறுப்பு. ஐந்தும் சண்முகநாதன் அண்ணாச்சி சொல்லிக் கிடைத்தவை. தன் லாட்ஜ் தொட்டியிலிருக்கும் ஃப்ளவர்ஹார்ன் மீனுக்குக் குட்மார்னிங் சொல்லாமல் அவர் காபி குடிப்பதில்லை.

சனிக்கிழமை அந்த மீன் மேல் வெள்ளைப் புள்ளி. அதற்கு மருந்து உப்பு. ரூபி கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த லாட்ஜுக்கு ஸ்கூட்டியை விரட்டினாள்.

மறுநாள் காலை போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மீன் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து தவிக்கிறது. வாட்ச்மேன் வேல்ராஜ் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுவிட்டான் என்று அண்ணாச்சி குதித்துக்கொண்டிருந்தார். இன்றோடு வேலையை விட்டுப் போ என்றும் சொல்லிவிட்டார். வேல்ராஜ் இல்லை இல்லை என்று சொல்லிக் களைத்து நின்றார்.

ரூபியின் கண் தொட்டி மூலைக்குப் போனது. கல்லுப் பை! அட பாவமே, அதை எடுக்காமலே உப்பைப் போட்டிருக்கிறாள். வாளியில் கக்க வேண்டியதைக் கல் தொட்டியிலேயே கக்கிவிட்டது.

பையை உருவி எறிந்தாள். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். வாயை மூடிக்கொண்டால் பழி புரோட்டாவோடு போய்விடும். திறந்தால் ஐந்து தொட்டியும் போச்சு. வேலை போன பிறகும் கிணற்றிலிருந்து அவளுக்கு வாளி சுமந்து கொடுத்தது என்னவோ வேல்ராஜ்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி, அவுக மேல ஒரு தப்பும் இல்ல. கல்லுப் பைய எடுக்காம உப்பப் போட்டது நான்தான்."

அண்ணாச்சி தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மீன் மெல்லக் கீழே இறங்கி நிதானமாகச் செவுளை அசைத்தது. அவர் எழுந்து வேல்ராஜின் கையிலிருந்த வாளியைத் தானே வாங்கி வைத்தார். போய் டீ குடித்துவிட்டு வா என்றார். ரூபியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"சாயங்காலமும் வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."